கழுத்தைப் பூட்டுவதா, விடுவதா?



சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை மூன்று நாட்களாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எழுதியவர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி. வயது 46. கணவர் இல்லை. மூத்த மகள் உயர்தரம் படிக்கின்றாள், இளையவன் பத்தாம் ஆண்டு. தையல்தான் சீவியம். 14 வருடங்களாக றூமற்றொயிட் மூட்டுவாதம். அவருடைய வார்த்தைகளிலேயே தருகின்றேன்:

"கழுத்து எலும்பு வழுகுதாம் அக்கா. ஸ்குறூ போட்டுப் பூட்ட வேணுமாம். கழுத்திலை கத்தி வைச்சால் பிறகு படுக்கைதான் எண்டு மாமி அழுகிறா. பக்கத்து வீட்டு அக்கா முறிவு நெரிவுப் பரியாரியிட்டைப் போய்த் தடவச் சொல்லுறா. நோ எனக்குப் பழகிப்போச்சு. ஆனால் குனிஞ்சு ஊசிக்கு நூல் கோக்கேக்கை முதுகாலை கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுது. நான் என்ன செய்ய?"

தங்கச்சி, உங்களுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு தகுதி இருக்கின்றது. நான் வைத்தியர் அல்ல. ஆனால் என் கழுத்து 2015ஆம் ஆண்டு பூட்டப்பட்டது. இதே நோய், இதே இடம். முடிவெடுக்க நான் எட்டு மாதங்கள் எடுத்தேன். அந்த எட்டு மாதங்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முன், கழுத்துக்குள் என்ன நடக்கின்றது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

எமது மண்டையோட்டுக்குக் கீழே முதலாவதாக இருக்கும் கழுத்தென்பு ஒரு வளையம். இரண்டாவது என்பிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கின்றது. உரலுக்குள் உலக்கை நிற்பதுபோல என்று எனக்கு விளங்கப்படுத்தினார்கள். நாம் தலையைத் திருப்பும்போது அரைவாசித் திருப்பம் இந்த இடத்தில்தான் நடக்கின்றது. முளையை வளையத்தின் முன்பக்கத்தோடு பிடித்து வைத்திருப்பது ஒரு உறுதியான நார். முளைக்குப் பின்னால், அதே வளையத்துக்குள், முண்ணாண் இறங்குகின்றது. கை, கால், மூச்சு எல்லாவற்றுக்குமான செய்தி அந்த வழியால்தான் போகின்றது.

எங்கள் விரல் மூட்டுகளை வீங்கச் செய்து அரிக்கும் அதே நோய், அந்த முளையைச் சுற்றியுள்ள மூட்டையும் அரிக்கின்றது. நார் தளர்கின்றது. அதன்பின் தலையைக் குனியும்போது வளையம் முன்னால் வழுகும். முளைக்கும் வளையத்தின் முன்பக்கத்துக்கும் இடையிலான வெளி வளர்ந்தவர்களில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. அதைவிட முக்கியமானது முளைக்குப் பின்னால் முண்ணாணுக்கு எஞ்சியிருக்கும் இடம். அது 14 மில்லிமீற்றர் அளவுக்கோ அதற்குக் கீழோ ஒடுங்கினால் வைத்தியர்கள் விழிப்படைகின்றார்கள். கழுத்தை நேராக வைத்து எடுத்த எக்ஸ்றேயில் இது தெரியாமலும் போகலாம். குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். உங்கள் படம் அப்படி எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

இனி என் எட்டு மாதங்கள். 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து முகாம் வாழ்க்கை முடியும்வரை எனக்கு மருந்து ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் நோய் தன் எண்ணப்படி நடந்தது. எங்களில் பலருக்கு அப்படித்தான். 2014இல் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போயிற்று. சில்லறைக் காசை விரலால் பொறுக்க முடியவில்லை. கிளினிக்கில் சொன்னபோது, "உங்களுக்கு விரல் கோணல்தானே அம்மா" என்றார்கள். நானும் நம்பினேன். எங்களைப் போன்றவர்களுக்கு உள்ள ஆபத்து இதுதான். கை ஏற்கெனவே பழுது, முழங்கால் ஏற்கெனவே பழுது. அதனால் முண்ணாண் நசிபடும்போது வரும் பலவீனத்தையும் மூட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றோம்.

வித்தியாசம் இருக்கின்றது. மூட்டில் வீக்கமும் நோவும் குறைந்த நாளிலும் விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றால், இருட்டில் நடக்கக் கால் தடுமாறுகின்றது என்றால், கால் விறைத்து மரக்கட்டைபோல் இழுபடுகின்றது என்றால், சிறுநீர் வந்தால் அடக்க முடியவில்லை என்றால், அவை மூட்டின் வேலையல்ல. குனியும்போது முதுகால் மின்சாரம் ஓடுவதும் அந்த வகைதான். வைத்தியர் சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டும்போது கால் அளவுக்கு மீறித் துள்ளுகின்றதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

கடைசியில் இன்னொரு வைத்தியர் என் காலில் தட்டிப் பார்த்துவிட்டு அன்றே ஸ்கானுக்கு எழுதினார். பூட்ட வேண்டும் என்றும் சொன்னார். அதன் பிறகும் நான் தள்ளிப்போட்டேன். மகளின் பரீட்சை, அம்மாவின் பயம், கொழும்பில் யார் வந்து நிற்பது என்ற கேள்வி. எல்லாம் உண்மையான காரணங்கள்தான், சாட்டு அல்ல. ஆனால் அந்த எட்டு மாதத்துக்குள் வலக்கையின் இரண்டு விரல்களில் உணர்வு போயிற்று. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அது திரும்பி வரவில்லை. இன்றும் சுடுபானையைத் தொட்டால் கண்ணால் பார்த்துத்தான் கையை எடுக்கின்றேன்.

அதனால் இதை விளங்கிக்கொள்ளுங்கள், தங்கச்சி. இந்தச் சத்திரசிகிச்சை போனதைத் திருப்பித் தருவதற்காகச் செய்யப்படுவதல்ல. இருப்பதைப் பிடித்து வைப்பதற்காகச் செய்யப்படுவது. பிடரி நோ குறையலாம், எனக்கு நன்றாகக் குறைந்தது. சிலருக்குக் கைகாலிலும் திருத்தம் வருகின்றது. ஆனால் அதை நம்பி மட்டும் மேசையில் ஏறக்கூடாது. நடமாடிக்கொண்டிருக்கும்போது செய்தவர்களுக்கும், எழுந்து நடக்க முடியாத நிலைக்கு வந்தபின் செய்தவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் மாமி யாரோ ஒருவரைப் பார்த்துத்தான் பயந்திருப்பா. அந்த ஆள் எந்த நிலையில் சத்திரசிகிச்சைக்குப் போனவர் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

அதற்காகக் கழுத்து நோ உள்ள எல்லோரும் பூட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளி சிறிதளவு கூடியிருந்தும் முண்ணாணுக்கு இடம் தாராளமாக இருந்து, கைகாலில் எந்தக் குறியும் இல்லாவிட்டால், மூட்டுவாத மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு காலத்துக்குக் காலம் படம் எடுத்துப் பார்த்து வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை அப்படிப் பல வருடங்களாக இருக்கின்றார். ஆனால் நீங்கள் எழுதிய அந்தக் 'கரண்ட்' என்னை உறங்கவிடவில்லை. நானாக இருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கமாட்டேன். இதை இன்றே அவர்களுக்குச் சொல்வேன்.

பரியாரி விடயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். கை முறிந்தால் அவர்களிடம் போய்ச் சுகமானவர்கள் எங்கள் ஊரில் ஏராளம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் வழுகும் கழுத்தை யாரும் திருகவோ, நெட்டி முறிக்கவோ, இழுத்துத் தடவவோ கூடாது. ஒரு முறைத் திருகலே போதும், முண்ணாண் நசிபட. கடையில் விற்கும் மென்மையான கொலரும் வழுகலை நிறுத்தாது. பஸ்ஸில் போகும்போது கழுத்தைப் பற்றி எங்களுக்கும் பிறருக்கும் ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். இரண்டு தலையணை வைத்துப் படுப்பதை இன்றிரவே நிறுத்துங்கள்.

சத்திரசிகிச்சையில் என்ன செய்வார்கள்? பின்பக்கமாகத் திறந்து, முதலாம் இரண்டாம் கழுத்தென்புகளை ஸ்குறூவும் கம்பியும் கொண்டு இணைப்பார்கள். இடுப்பென்பிலிருந்து சிறிது என்பு எடுத்து இடையில் வைப்பதும் உண்டு. அது ஒட்டி வளர்ந்து இரண்டு என்பும் ஒன்றாகும்வரை ஸ்குறூ காவல் நிற்கின்றது. முன்னர் கம்பியால் கட்டுவார்கள். இன்று பரவலாக உள்ள முறையை 1994இல் மும்பையின் வைத்தியர் அதுல் கோயலும், பின்னர் 2001இல் ஜெர்மனியின் வைத்தியர் ஹாம்ஸும் எழுதி வெளியிட்டார்கள். சிலருக்கு மண்டையோட்டையும் சேர்த்துப் பூட்ட வேண்டி வரும். அப்படியானால் தலையாட்டுவதும் பெரும்பாலும் போய்விடும். உங்களுக்கு எது என்று கட்டாயம் கேளுங்கள். அதுவும் இதுவும் ஒரே வாழ்க்கையல்ல.

ஆபத்து இல்லையா? இருக்கின்றது. மூளைக்குப் போகும் நாடி அந்த என்பின் ஓரமாகத்தான் ஓடுகின்றது. கிருமி பிடிக்கலாம், புண் ஆறத் தாமதிக்கலாம், என்பு ஒட்டாமல் போகலாம், முண்ணாணுக்கே சேதம் வரலாம். உயிராபத்தும் இல்லையென்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். பல வருடம் ஸ்ரெரொயிட் குளிசை எடுத்தவர்களுக்கு என்பு மெலிந்திருக்கும், அதனால் ஸ்குறூ பிடிப்பது கடினம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் (வெட்கப்படாமல் சொல்லுங்கள், எனக்கும் இருந்தது) அதை விட்டுவிட வேண்டும். என்பு ஒட்டுவதை அது கெடுக்கும். மெதொட்றெக்சேற்றைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை, புதுவகை ஊசி மருந்துகளைச் சில காலம் தள்ளிவைக்கச் சொல்வார்கள். ஸ்ரெரொயிட்டை மட்டும் நீங்களாக ஒருபோதும் நிறுத்த வேண்டாம். எந்த மருந்தானாலும் வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கென்று ஒரு விடயம். உங்கள் உடம்பில் செல் சிதறல் ஏதும் இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் சொல்லியே ஆகவேண்டும். அந்த இயந்திரம் ஒரு பெரும் காந்தம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய நாடி ஆகியவற்றுக்குக் கிட்ட உள்ள இரும்புத்துண்டு அசைந்தால் கேடு. என் இடது தொடையில் ஒன்று இருக்கின்றது. முதலில் எக்ஸ்றே எடுத்து இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்கள். முடியாதென்றால் சி.ரி. ஸ்கான் போன்ற வேறு வழிகள் உண்டு. அந்தத் துண்டு எப்படி வந்தது என்று யாரும் கேட்பார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். "உடம்பில் உலோகம் இருக்கின்றது" என்ற ஒரு வசனம் போதும்.

அதேபோல, கழுத்தைப் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும், வேறு எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரிடம் கழுத்தைப் பற்றி முதலே சொல்லுங்கள். மூச்சுக்குழாய் போடத் தலையை நிமிர்த்துவார்கள். பல்லுப் பிடுங்கும் கதிரையிலும் அப்படித்தான். நான் கிளினிக் கொப்பியின் மட்டையிலேயே சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கின்றேன்.

பிறகு வாழ்க்கை எப்படி? எனக்கு 12 வாரம் கொலர். மூன்று மாதம் வாளி தூக்கவில்லை, தேங்காய் துருவவில்லை, தலையில் எதையும் சுமக்கவில்லை. இப்போதும் அரைவாசித் திருப்பம் இல்லை. யாராவது பின்னால் கூப்பிட்டால் முழு உடம்போடும் திரும்புகின்றேன். முதலில் ஆட்கள் இவளுக்கு என்ன பெருமை என்று நினைத்தார்களாம்! சைக்கிள் ஹாண்டிலில் ஒரு கண்ணாடி பூட்டியிருக்கின்றேன். உங்கள் தையல் மெஷினின் கீழ் நாலு கல் வைத்து உயர்த்தினால் குனியாமல் தைக்கலாம். அதை இப்போதே செய்யுங்கள். பூட்டிய என்புகளுக்குக் கீழுள்ள கழுத்தென்புகள் பின்னாளில் வழுகக்கூடும் என்பதால், நான் இன்னும் கிளினிக்குக்குப் போய்வருகின்றேன்.

வீட்டு விடயத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனாலும் ஸ்குறூ போன்றவற்றை வெளியில் வாங்க வேண்டி வருமா என்று திகதி எடுக்கும்போதே கேளுங்கள். வருமென்றால் ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிபற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். அங்குள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். மகளின் பரீட்சைக்கு முன்னா பின்னா என்பதை நீங்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது. "ஆறு மாதம் பொறுத்தால் எனக்கு என்ன நடக்கலாம்?" என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரே கேளுங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவ தன் பயத்தை வைத்தியரிடமே கேட்கட்டும். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கப்போவது நீங்கள்தான், ஆனால் மூன்று மாதம் சோறாக்கப்போவது அவ.

கடிதத்தின் கடைசியில், சின்ன எழுத்தில், முடியை மழிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஓம், பிடரிப் பக்கத்தில் மழிப்பார்கள். எனக்குக் காதுமட்டத்துக்குக் கீழே மட்டும்தான். மேலே உள்ளதை இறக்கிவிட்டால் மூடிவிடும். திரும்பவும் பின்னிக் கட்டுமளவுக்கு வளர ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்தது.