கோப்பு நகரும்வரை நோய் காத்திருக்காது

இலங்கையில் அரச வைத்தியசாலைக்குப் போனால் வைத்தியருக்குக் கட்டணம் இல்லை. வார்டில் கட்டிலுக்கு வாடகை இல்லை. அங்கே இருக்கும் மருந்துக்கும் காசு இல்லை. இது நாம் பெருமைப்பட வேண்டிய விடயம். ஆனாலும் புற்றுநோய் வந்த வீடொன்றுக்கு ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், உம்மாவின் கையில் காப்பு இருக்காது. கடையில் கடன் ஏறியிருக்கும். சில வேளை பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை வீட்டில் நிற்கும். சிகிச்சை இலவசம் என்றால் இந்தக் காசெல்லாம் எங்கே போனது? இந்தக் கேள்வியை நாம் சத்தமாகக் கேட்பதில்லை. நோயாளியைப் பற்றிப் பேசும் இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அந்த மௌனம்தான் நோயைவிட வேகமாக வீட்டை அரிக்கிறது என்பது என் கருத்து.

முற்றிய புற்றுநோய் என்றால் உடனே மௌத்து என்று பொருளில்லை. நோய் தொடங்கிய இடத்தை விட்டு வேறு உறுப்புகளுக்கும் பரவியிருக்கிறது என்பதே அதன் பொருள். மருந்தின் துணையோடு மாதக்கணக்காக வாழ்பவர்களும், ஆண்டுக்கணக்காக வாழ்பவர்களும் இன்று நம்மிடையே உண்டு. ஆகவே செலவும் ஒரே நாளில் முடிவதில்லை. கிளினிக் நாள் வரும்போதெல்லாம் அது திரும்ப வரும். வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியில் வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இது எவ்வளவு பெரிய சுமையானது என்பதை எல்லோரும் கண்டோம். அவசரமென்று சில பரிசோதனைகளைத் தனியார் நிலையத்தில் செய்ய வேண்டும். மருந்து ஏற்றிய உடம்போடு பஸ்ஸில் வர முடியாது என்பதால் ஓட்டோ பிடிக்க வேண்டும். மகரகமவுக்கு அனுப்பினால் போய்வரும் செலவோடு தங்கும் செலவும் சேரும். நோயாளியின் உழைப்பு நிற்பதோடு, கூடப் போகிறவரின் நாட்கூலியும் நிற்கும். தையல் வேலை, பழைய இரும்பு வியாபாரம், சிறிய சாப்பாட்டுக் கடை என்று அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடும் குடும்பத்தில், இரண்டு பேரின் வருமானம் ஒரே நாளில் நிற்பது சின்ன விடயமா?

இது நம் ஊருக்கு மட்டுமான துன்பமும் அல்ல. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான யூசுப் ஸஃபர், ஏமி அபெர்னெதி இருவரும் இதற்கு ‘நிதி நச்சு’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். புற்றுநோய் மருந்து முடியைக் கொட்டச் செய்வது, வாந்தியை உண்டாக்குவது போல, சிகிச்சையால் வரும் பணச் சுமையும் நோயாளியின் உடலையும் மனதையும் பாதிக்கும் ஒரு பக்கவிளைவு என்பதே அவர்களின் வாதம். பக்கவிளைவு என்று ஏற்றுக்கொண்டால் அதை வைத்தியரிடமும் தாதியரிடமும் சொல்வதில் வெட்கம் எதற்கு?

கொடுப்பதில் நம் மக்கள் குறை வைத்ததில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்த ‘ட்ரெயில்’ நடைபயணத்தில் சேர்ந்த பணத்தால்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காக இன மத வேறுபாடின்றி மக்கள் சுமார் 20 கோடி ரூபா கொடுத்தார்கள். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் அள்ளிக் கொடுத்தோம். அந்தக் கட்டடத்தின் வாசல்வரை ஒரு நோயாளி எப்படி வந்து சேர்கிறார் என்று கேட்பவர் குறைவு.

மௌனத்தின் முதல் வடிவம், நோயாளியிடமே நோயை மறைப்பது. “வாப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், மனம் உடைந்து விடுவார்” என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் வங்கிக் கணக்கு அவர் பெயரில். கடை அவர் பெயரில். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கு அவர் மனதில். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அவரது கையொப்பம் வேண்டும். என்ன நோய் என்று தெரியாதவர் எதில் கையொப்பம் வைப்பார்? சொல்லும் பக்குவமும் சொல்லும் நேரமும் முக்கியம்தான். ஆனால் சொல்லாமலே விட்டால், அவர் தன் பிள்ளைகளுக்காகச் செய்ய விரும்பியதைச் செய்யும் வாய்ப்பையும் அவரிடமிருந்து பறித்து விடுகிறோம்.

இரண்டாவது வடிவம், உரிமையைப் பிச்சை என்று நினைப்பது. “நாங்கள் கௌரவமாக வாழ்ந்த குடும்பம், பிரதேச செயலகத்தில் போய் நிற்பதா?” என்று நகையை விற்றுவிட்டு, பிறகு வட்டிக்கு வாங்கி, எல்லாம் முடிந்த பின் போய் நிற்கிறோம். வரிசை மாற வேண்டும். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவியை முதலில் கேட்க வேண்டும். அடுத்து நம் சொந்தச் சேமிப்பு. அதற்கடுத்து வட்டியில்லாக் கைமாற்று. காணியும் வீடும் கடைசியில்.

கேட்கக்கூடிய இடங்கள் சிலவற்றை இங்கே சொல்கிறேன். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார்; குறைந்த வருமானமுள்ள புற்றுநோயாளருக்குச் சமூக சேவைத் திணைக்களத்தின் நோய் உதவி பற்றி அவரிடமே விசாரிக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஜனாதிபதி நிதியம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உதவுகிறது. முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது, 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். செலவான சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே இதை விசாரிப்பது நல்லது. தனியார் நிறுவனத்தில் வேலை செய்தவராயின் ஊழியர் சேமலாப நிதி உண்டு: பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் இருந்தால், மருத்துவத் தேவைக்காக அதில் 30 வீதத்தை ஓய்வுபெறும் முன்பே எடுக்க வழியுண்டு. நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்று மருத்துவ ரீதியில் உறுதியானால் முழுப் பணத்தையும் கோரலாம். அரச ஊழியருக்கு அக்ரஹாரக் காப்புறுதி உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படும் அந்தப் பணம் எதற்கென்று பலர் தேடிப் பார்ப்பதேயில்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே தாள்கள்தான் தேவை: அடையாள அட்டை, டயக்னோசிஸ் கார்ட், வைத்தியரின் கடிதம், கிராம அலுவலரின் சான்று, வங்கிப் புத்தகம், செலவுக்கான பற்றுச்சீட்டுகள். நோய் உறுதியான அந்த வாரமே ஒரு கோப்பு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி எடுத்து வைத்தால் பாதி அலைச்சல் குறையும்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நமக்கு இந்தத் தாள் விடயத்தில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுக்க நேரமிருக்கவில்லை. திரும்பி வந்த பின்னும் பல குடும்பங்களின் ஒரு கால் புத்தளத்திலும் ஒரு கால் சோனகத் தெருவிலுமாக இருக்கிறது. பதிவு அங்கே, சிகிச்சை தெல்லிப்பழையில். உதவி கேட்டுப் போனால், “உங்கள் பெயர் எங்கள் பிரிவில் இல்லை” என்ற பதில் வரும். இதைச் சுகமாக இருக்கும் காலத்திலேயே சரிசெய்ய வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு மாவட்டங்களுக்கிடையே ஓடுவதற்கு ஆளும் இருக்காது, நாளும் இருக்காது.

மார்க்கமும் இந்த விடயத்தில் நம்மை மௌனமாக இருக்கச் சொல்லவில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசுவதல்ல, கடனைச் சாட்சியோடு எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுவது. ஒருவர் மௌத்தானால் ஜனாஸாச் செலவுக்கு அடுத்ததாகக் கடன், அதன் பிறகு வஸிய்யத், அதன் பிறகே வாரிசுகளின் பங்கு என்ற வரிசை நமக்குத் தெரியும். கொடுபடாத மஹரும் கடன்தான். இவற்றை எழுதி வைக்காமல் போனால், ஜனாஸா வீட்டிலேயே “எனக்கு இவ்வளவு வர வேண்டும்” என்று ஆட்கள் வருவார்கள். உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். கணவன் பெயரில் மட்டும் இருந்த கணக்கு முடங்கிக் கிடக்கும். சேமலாப நிதிக்கு ஆவணங்கள் கேட்பார்கள். அந்த நாட்களில் அவள் யாரை அனுப்புவாள்? கணக்குக்குப் பின்னுரித்தாளியின் பெயரைக் குறித்து வைக்க வங்கியில் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களைக் கேட்பது மௌத்தை அழைப்பதாகாது. அது மனைவி மக்கள் மீது வைக்கும் கருணை.

ஸகாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர். ஆனால் நம் வழக்கத்தில் ஸகாத் பெரும்பாலும் ரமழானில் சிறு சிறு தொகைகளாகப் பிரிந்து போய்விடுகிறது. நோய் ரமழானைப் பார்த்து வருவதில்லை. ஊர் ஸகாத் நிதியில் ஒரு பங்கை ஆண்டு முழுவதற்குமென ஒதுக்கி, கிளினிக் போக்குவரத்துக்கும் வெளியில் வாங்கும் மருந்துக்கும் மாதாமாதம், பெயர் வெளியே தெரியாமல் கொடுக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

குடும்பமும் ஊரும் மட்டும் திருந்தினால் போதாது. அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. அஸ்வெசும திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. 2025இல் சிறுநீரக நோயாளருக்கான தொகை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. அது நியாயமானது. புற்றுநோயாளருக்கு அந்த வரிசையில் தனி இடம் இல்லாதது நியாயமாகத் தெரியவில்லை. தொகையைவிடவும் பெரிய பிரச்சினை காலம். விண்ணப்பம், கணக்கெடுப்பு, பட்டியல், மேன்முறையீடு என்று போகும் முறை சுகமாக இருப்பவருக்குப் பொருந்தும். இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்குப் பொருந்தாது. நம் உறவினர் பலர் வாழும் பிரித்தானியாவில், ஒரு நோயாளி 12 மாதங்களுக்குள் இறக்கக்கூடும் என்று வைத்தியர் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தால், அவரது விண்ணப்பம் வழமையான பரிசோதனை இல்லாமல் முன்னுரிமையோடு பார்க்கப்படுகிறது. முன்பு 6 மாதம் என்றிருந்த எல்லையை 2022, 2023ஆம் ஆண்டுகளில் 12 மாதமாக நீட்டினார்கள். அவ்வளவு பணம் நம் நாட்டில் இல்லாமலிருக்கலாம். ஆனால் வைத்தியரின் ஒரு கடிதத்தைக் கண்டதும் கோப்பை மேலே எடுத்து வைப்பதற்குப் பெரிய செலவில்லை. கிளினிக் நடக்கும் நாளில் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் வைத்தியசாலையிலேயே இருந்து விண்ணப்பங்களை ஏற்றால் அதைவிட நல்லது.

கடைசியாக, மாணவிகளாகிய நமக்கு. உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ நோய் வந்தால் வீட்டில் நிற்பவள் பெரும்பாலும் பெண்பிள்ளைதான். “கொஞ்ச நாள்” என்று நிற்பாட்டுவார்கள். அந்தக் கொஞ்ச நாளில் உயர்தரப் பரீட்சை போய்விடும். நோயின் செலவுக் கணக்கில் யாரும் எழுதாத மிகப் பெரிய தொகை இதுதான். பெற்றோர்களே, பணிவிடையைச் சகோதரர்களும் மாமா சாச்சாமாரும் பங்கு போட்டுச் செய்ய முடியும். பிள்ளையின் படிப்பை வேறொருவர் படித்துக் கொடுக்க முடியாது. பாடசாலைக்கு விடயத்தைத் தெரியப்படுத்துங்கள், மறைக்க வேண்டாம்.

அதேநேரம் நம்மால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெரியவர்களைத் தயங்க வைக்கும் படிவத்தை நாம் வாசித்துப் புரிந்துகொள்ளலாம்; நிரப்பிக் கொடுக்கலாம்; பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாக அடுக்கலாம்; கிளினிக் நாட்களையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதலாம். “இந்த மருந்து நோயைக் குணமாக்குமா, நாட்களை நீட்டுமா, வலியைக் குறைக்குமா? இதைப் போல அரச வைத்தியசாலையில் வேறு மருந்து உண்டா?” என்று காணியை விற்கும் முன் வைத்தியரிடம் மரியாதையாகக் கேட்கலாம். கணக்கியலும் வணிகக் கல்வியும் படிக்கும் நாம், பக்கத்து வீட்டு உம்மாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க முடியாதவர்களாக இருந்தால் அந்தப் படிப்பின் பயன் என்ன?

நோயின் முடிவு அல்லாஹ்வின் நாட்டத்தில் இருக்கிறது. கோப்பு நம் கையில் இருக்கிறது. அதை இந்த வாரமே திறப்போம்.