‘முறையான வழி’ யாருக்கு முறை?



வடலூரில் விடியும் முன்பே பஸ் ஏறி நெய்வேலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சூப்பர்வைசர் சாதியைச் சொல்லித் திட்டினால் எங்கே புகார் கொடுப்பீர்கள்? “முறையான வழியாகத்தான் போகணுமாம்” என்பார்கள். அந்த வழி எங்கே தொடங்குகிறது? அதே சூப்பர்வைசரின் மேசையில். திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டச் சொல்லும் கதை இது.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. “போலீஸுக்குப் போகாதே, ஊருக்குள் பேசித் தீர்த்துக்கலாம்” என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைத்தான் அலுவலகம் ‘ஒழுங்கு’ என்கிறது.

“எல்லாரும் மேலே போனால் வேலை எப்படி நடக்கும்?” என்பார்கள். ஷிப்ட் மாற்றம், விடுப்பு போன்றவற்றை அவரிடமே கேட்போம். குற்றம் சாட்டப்படுபவரே அவராக இருக்கும்போது அவரிடம் எதைக் கேட்பது?

சட்டமே அவரைத் தாண்டிப் போகச் சொல்கிறது. அரசியல் சட்டத்தின் 338-வது பிரிவில் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் இருக்கிறது. விசாரணைக்கு அதிகாரியை அழைக்கும் சிவில் நீதிமன்ற அதிகாரம் அதற்கு உண்டு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய எந்த மேலாளரின் கையெழுத்தும் வேண்டாம். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே எழுதியது.

2012-ல் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு 40 நாளைத் தாண்டி வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘உன் முதலாளி ஒப்பந்தக்காரர்தான்’ என்ற பதிலோடு அவர்கள் திரும்பிப் போகவில்லை. நிறுவனத்தையே கேட்டார்கள்.

ஆனால் தனியாகப் போகாதீர்கள். தனி ஆளுக்கு மறுநாளே கேட் பாஸ் நின்றுவிடும். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பார்த்த சாட்சி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். சங்கத்தோடு போங்கள். சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நகல் இல்லாமல் ஒரு தாளும் கையை விட்டுப் போகக் கூடாது.

படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் ஒருவருக்காவது அந்த மனுவை எழுதிக் கொடுங்கள். 1867-ல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு சாதி கேட்காமல் சோறு போடுகிறது. அந்த ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர் சாதி வசவைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்க வேண்டுமா?

ஜெய் பீம்.