ஒரு நாளுக்கு ஓர் ஆறு

ஸ்காட்லாந்துக்குச் சென்று, செயற்கை ஈ கட்டிய தூண்டிலால் சால்மன் பிடிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை வளர்த்து, அதற்கென ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்க முடிந்தவர், டே, ட்வீட், ஸ்பே, டீ என்னும் நான்கு பேராறுகளின் கீர்த்தியில் மயங்கி, அவற்றுள் பெரிய பெயருக்குப் பெரிய பணத்தைக் கட்டிவிடுவதே வழக்கம். அன்றைய நீரைப் பார்த்து ஆற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமேயன்றிப் பெயரைப் பார்த்தன்று என்பது என் அபிப்பிராயம்.

1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண்மணி பிடித்த 64 பவுண்டு சால்மனை விஞ்சிய மீன் பிரிட்டனில் இன்றுவரை எவர் தூண்டிலிலும் அகப்படவில்லை. அந்தச் சரித்திரத்தைக் கேட்டு ஈத்தூண்டிலோடு டேக்கு ஓடுகிறவர், அம்மீன் இறகு ஈயைக் கவ்வவில்லை, படகிலிருந்து விடப்பட்ட சிறுமீன் இரையைத்தான் கவ்வியது என்பதை ஏனோ விசாரிப்பதே இல்லை.

முட்டையிடுவதற்காகக் கடலைத் துறந்து ஆற்றில் ஏறும் சால்மன், நன்னீரில் இரை உண்பதில்லை. பசியற்ற ஜீவனின் முன்னே உணவுபோல் ஒன்றை ஆட்டிக்காட்டி, கோபத்தினாலோ பழைய வாசனையினாலோ அது கவ்வாதா என்று காத்திருக்கும் இந்த விசித்திரமான வித்தையில், மனிதனுடைய சாமர்த்தியத்தைவிட நீரின் நிலையே அதிகம் பேசுகிறது. கடலிலிருந்து புதிதாக ஏறிவந்த மீனாக இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்து நீர் தெளியத் தொடங்கியிருக்க வேண்டும். உஷ்ணம் 20 டிகிரியை எட்டிவிடக் கூடாது, எட்டினால் பிடித்து விடுவிக்கப்பட்ட மீனும் பிழைக்காமல் போகும் அபாயம் கூடும். மேற்குக் கரையின் சிற்றாறுகள், மழை பெய்து ஓரிரு நாள் பொங்கும்போது மீன் நிறைந்தும், மற்ற நாட்களில் கல் தெரியக் கிடந்தும், அருகிலேயே வசிப்பவனுக்கு மட்டும் அருள்புரிபவை. மாதங்களுக்கு முன்பே தேதி குறித்துக்கொண்டு வரும் அந்நியனுக்கு அவை சூதாட்டமே. டேக்குப் பின்னால் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. ஸ்பேக்குப் பின்னால் கெயர்ன்கார்ம் மலைகளின் பனி உருகிக்கொண்டிருக்கிறது. மழை பொய்த்த வாரத்திலும் இவற்றில் ஓட்டம் அடியோடு நின்றுவிடாது.

ஸ்காட்லாந்தின் தூண்டில்காரர்கள் பிடித்த சால்மன்களின் தொகை, 1952-இல் கணக்கெடுப்புத் தொடங்கிய நாள்முதல் இல்லாத அளவுக்கு 2023-இல் வீழ்ந்தது. 2016 முதல் ஆறுகளைத் தரம்பிரித்து, நலிந்தவற்றில் பிடித்த மீனைத் திரும்ப விடவேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறார்கள். ஆகவே பணம் கட்டுமுன் ஆற்றின் தரத்தையும் விசாரிப்பது நாகரிகம். சட்டம் கட்டாயப்படுத்தாத ஆற்றிலும் மீனை விட்டுவிடுவது அதனினும் நாகரிகம்.

என்னைக் கேட்டால், மே மாத ஸ்பேயைச் சொல்வேன். அதுவும் பெரிய பெயர்தானே என்று வாசகர் நகைக்கலாம். நான் நாடுவது பனிநீரையும், தனவந்தர்களின் உரிமை நீர் அல்லாத கிராண்டவுன் பகுதியில், அவ்வட்டாரத்தில் தங்கும் வெளியூராருக்கு மீன்பிடிச் சங்கம் கொடுக்கும் அனுமதிச்சீட்டையும்தான். கரையெல்லாம் மரம் அடர்ந்து, பின்னால் தூண்டிலை வீச இடமில்லாமையால், நீரின்மேலேயே கயிற்றைச் சுழற்றி எறியும் முறை அவ்வாற்றில் பிறந்து, இன்று உலகெங்கும் அதன் பெயராலேயே வழங்குகிறது. கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் ஒரு கில்லியை அமர்த்திக்கொள்வேன்; ஆற்றின் ஒவ்வொரு குழியையும் அறிந்த துணையாளுக்கு அங்கே அதுதான் பெயர், நம் பிள்ளைகள் கோலால் அடிக்கும் கில்லிக்கும் அதற்கும் பந்தம் ஏதுமில்லை. ஞாயிறன்று சால்மன் பிடிப்பதை அந்நாட்டுச் சட்டம் தடுப்பதால், திங்கட்கிழமை காலை கரையில் இறங்கி, நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்து, அது மூழ்குகிறதா, உலர்கிறதா என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். மூழ்குமானால், தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் தேநீர்க் கடையைத் தேடிப் போவதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை.