அடுப்படிப் பக்கம்: மரவள்ளி முத்தும் சிவப்புச் சீனித் தேநீரும்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் கிளிநொச்சிப் பக்கத்துத் தாய் ஒருவரின் கடிதமும் இருந்தது. "யாழ்ப்பாணத்தில் கடையொன்றில் பபிள் ரீ என்று விற்கிறார்களாம். கூடப் படிக்கும் பிள்ளைகள் குடித்துவிட்டு வந்து கதைக்கிறார்கள். என்னுடைய மகளும் கேட்கிறாள். அங்கே ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் காசில் எங்கள் வீட்டில் ஒரு நேரச் சமையல் முடிந்துவிடும். அதை வீட்டில் செய்ய முடியாதா? செய்தால் விற்கலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் இந்த மாதம் விடை சொல்கிறேன்.

இது என்ன தேநீர்?

இது தாய்வான் நாட்டில் 1980களில் தோன்றிய பானம். குளிர்ந்த பால் தேநீருக்குள் மெதுமெதுப்பான சிறு உருண்டைகள் கிடக்கும். தேநீரைக் குடித்தபடியே உருண்டைகளையும் மென்று தின்பார்கள். அந்த நாட்டவர் இதனை 'முத்துப் பால் தேநீர்' என்ற கருத்துள்ள பெயரால் அழைக்கிறார்கள். தைச்சுங் நகரத்துக் கடை ஒன்றும் தைனான் நகரத்துக் கடை ஒன்றும் 'நாங்களே முதலில் செய்தோம்' என்று சொல்லிப் பத்து வருடம் வழக்காடின. 2019இல் நீதிமன்றம், இது எவரும் எந்தக் கடையும் செய்யக்கூடிய பானம், யார் முதலில் செய்தார் என்று தீர்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே, எங்கள் அடுப்படியிலும் தாராளமாகச் செய்யலாம்.

சிவப்புச் சீனிப் பாகில் முத்துக்களை ஊறவிட்டு, ரம்ளரின் உட்புறத்தில் பாகு கோடு கோடாக வழிய, மேலே பால் ஊற்றிக் கொடுப்பது 2010களின் பிற்பகுதியில் பெயர் பெற்ற வகை. கடைகளில் பிள்ளைகள் விரும்பிக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

அந்த முத்து எதனால் செய்தது என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். அது மரவள்ளிக் கிழங்கு மா. இடம்பெயர்ந்து திரிந்த காலங்களில் எத்தனை நாள் மரவள்ளியை அவித்துச் சம்பலோடு பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்போம்! 1990களில் பொருளாதாரத் தடையால் சீனி கிடைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேநீர் குடித்தவர்கள் நாங்கள். மரவள்ளி, கரிய வெல்லம், தேயிலை மூன்றும் எங்களுக்குப் புதியவை அல்ல. புதியது கைப்பக்குவம் ஒன்றுதான்.

தேவையான பொருட்கள் (3 ரம்ளருக்கு)

முத்துக்கு: மரவள்ளி மா 100 கிராம் (ஒரு தேநீர்க் கோப்பைக்குச் சற்றுக் குறைவு), சிவப்புச் சீனி 40 கிராம் (3 மேசைக்கரண்டி), தண்ணீர் 4 மேசைக்கரண்டி. தூவுவதற்கு மேலும் சிறிது மா.

பாகுக்கு: சிவப்புச் சீனி 60 கிராம் (5 மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு), தண்ணீர் 3 மேசைக்கரண்டி.

தேநீருக்கு: தேயிலை 3 தேக்கரண்டி, தண்ணீர் ஒன்றரை ரம்ளர், காய்ச்சி ஆறிய பசுப்பால் ஒன்றரை ரம்ளர். பசுப்பால் இல்லாவிட்டால் 5 மேசைக்கரண்டி பால்மாவைக் கொதித்தாறிய நீரில் கரைத்து எடுக்கலாம்.

கோதுமை மாவிலும் சோளமாவிலும் இந்த மெதுமெதுப்பு வராது. மரவள்ளி மாவே வேண்டும்.

மா எடுக்கும் முறை

கடையில் மா கிடைக்காவிட்டால் வீட்டிலேயே எடுக்கலாம். அன்று கிண்டிய கிழங்கு நல்லது. நீலம் ஓடிய கிழங்கையும் கைப்புக் கிழங்கையும் விலக்கிவிடுங்கள். மரவள்ளியில் இயற்கையாகவே ஒரு நச்சுத் தன்மை உண்டு. தோலில் அது அதிகம். ஆகவே மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் முழுவதும் உரித்து, கழுவித் துருவுங்கள். துருவலில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, துப்புரவான துணியில் வடித்துப் பிழியுங்கள். மூன்று, நான்கு மணித்தியாலம் அசையாமல் வைத்தால் மா அடியில் தங்கிவிடும். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி மறுபடி தங்கவிடுங்கள். இப்படி மூன்று தடவை செய்த பின் வெள்ளைத் துணியில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, உதிர்த்து, அரித்துப் போத்தலில் அடையுங்கள். ஒரு கிலோ கிழங்கில் 200 கிராமுக்குக் கிட்ட, சிலவேளை அதற்குக் குறைவாகவும் மா வரும். ஊற்றிவிடும் தண்ணீரை ஆடு, கோழி குடிக்கக்கூடிய இடத்தில் ஊற்றாதீர்கள்.

இந்த வேலைக்கு நேரமில்லாதவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பாயாசத்துக்கு வாங்கும் சவ்வரிசியும் பெரும்பாலும் மரவள்ளி மாவில் செய்ததுதான். பெரிய சவ்வரிசியை நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாத வரை அவித்து, தண்ணீரில் அலசிப் பாகில் போட்டுவிடுங்கள். முத்தின் அளவு இராது. சுவை கிட்ட வரும்.

முத்துக் குழைத்தல்

சிறிய சட்டியில் 40 கிராம் சீனியையும் 4 மேசைக்கரண்டி தண்ணீரையும் விட்டுக் கொதிக்க வையுங்கள். சீனி கரைந்து நன்றாகக் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, மாவில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டி விரைவாகக் கிளறுங்கள். அது பசை போல் வரும். உடனே மிச்ச மாவையும் போட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் எடுத்துக் குழையுங்கள்.

கொதிநீர் விடாமல் பச்சைத் தண்ணீரில் குழைத்தால் மா ஒட்டாது. தொட்டால் இறுகும், விட்டால் வழியும். இடியப்ப மாவுக்கும் கொழுக்கட்டை மாவுக்கும் கொதிநீர் விடுகிறோமல்லவா? அதே காரணம்தான். சூட்டில் மாவின் ஒரு பகுதி வெந்து பசையாகி மற்றதைச் சேர்த்துப் பிடிக்கிறது. குழைத்த மா வெடித்தால் அரைத் தேக்கரண்டி கொதிநீர் தெளியுங்கள். கையில் ஒட்டினால் கொஞ்சம் மா தூவுங்கள்.

மாவை விரல் பருமனிலும் மெல்லிய திரியாக உருட்டி, சிறு துண்டுகளாக வெட்டி, கடலை அளவில் உருட்டுங்கள். உருட்டியவற்றைச் சுளகில் மா தூவிப் பரப்பினால் ஒன்றோடொன்று ஒட்டாது. மிச்ச மா காயாமல் ஈரத்துணியால் மூடி வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணித்தியாலத்தில் உருட்டி முடிக்கலாம்.

அவித்தலும் கலத்தலும்

பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதித்த பின்பே முத்துக்களைப் போட வேண்டும். போட்டவுடன் அடியில் பிடிக்காமல் மெதுவாகக் கிளறுங்கள். மேலே மிதந்த பின் நடுத்தர நெருப்பில் 20 முதல் 25 நிமிடம் அவியட்டும். அடுப்பை நிறுத்தி மூடி இன்னும் 15 நிமிடம் வையுங்கள். ஒன்றை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளை மா தெரியக்கூடாது. பின்பு வடித்துக் குளிர்ந்த, கொதித்தாறிய நீரில் அலசுங்கள்.

பாகுச் சீனியைத் தண்ணீரோடு காய்ச்சி, சற்றுத் தடித்து வரும்போது முத்துக்களைப் போட்டு ஐந்து நிமிடம் மெல்லிய நெருப்பில் கிளறி இறக்குங்கள். தேயிலையைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடித்து ஆறவையுங்கள். ரம்ளரில் பாகோடு முத்துக்களைப் போட்டு, ரம்ளரைச் சாய்த்துச் சுற்றினால் பாகு கோடாக வழியும். தேநீரில் அரை ரம்ளரும் பாலில் அரை ரம்ளரும் ஊற்றிக் கலக்கிக் குடியுங்கள்.

நான் சிவப்புச் சீனியிலும் பனங்கட்டியிலும் செய்து பார்த்தேன். பனங்கட்டிப் பாகின் மணம் எனக்கு அதிகம் பிடித்தது. ஆனால் பனங்கட்டியைக் கரைத்து மெல்லிய துணியில் வடித்த பின்பே காய்ச்ச வேண்டும். அடியில் மண்டி இருக்கும். பனங்கட்டிப் பாகில் சூடான பாலை ஊற்றினால் திரையக்கூடும். இரண்டும் ஆறியே சேரட்டும்.

தாய்மாருக்குச் சில எச்சரிக்கைகள்

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த முத்துக்களைக் கொடுக்காதீர்கள். வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெரிய பிள்ளைகளும் இருந்து, மென்று தின்ன வேண்டும், ஓடியாடிக்கொண்டு குடிக்கக்கூடாது.

நான் சொன்ன அளவில் ஒரு ரம்ளரில் 33 கிராம் அளவு சீனி சேர்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் சொன்ன ஆலோசனை. ஆகவே இது பிறந்தநாளுக்கும் பெருநாளுக்கும் உரிய பானம். நீரிழிவு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். இரத்தச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

செய்து விற்கலாமா?

விற்கலாம். ஆனால் யோசித்து இறங்குங்கள். அவித்த முத்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நல்ல பதத்தில் இராது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் கல்லுப்போல் இறுகிவிடும். செய்து வைத்துவிட்டு வாடிக்கையாளரை எதிர்பார்த்திருக்கும் பண்டம் அல்ல இது. பாடசாலை விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, பிறந்தநாள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

விலை போடும்போது மா, சீனி, பால், தேயிலை, விறகு அல்லது காஸ், கோப்பை எல்லாவற்றையும் எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் கூலியையும் எழுதுங்கள். எங்கள் பெண்கள் கணக்கில் எழுதாமல் விடுவது அதைத்தான். மூன்று மணித்தியாலம் இருந்து உருட்டிய கைக்கு ஒரு விலை உண்டு. அதைச் சேர்த்த பின்பு வரும் விலைக்கு உங்கள் ஊரில் ஆள் வாங்குமா என்று பாருங்கள். வாங்காது என்று தெரிந்தால், மரவள்ளிப் பொரியலே அதிக இலாபம் தரக்கூடும்.

முக்கியமாக, இதற்காக நுண்கடன் எடுக்காதீர்கள். கோப்பைக்கு மூடி ஒட்டும் இயந்திரம் வேண்டும், கடை வேண்டும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். கிழமைக்குக் கிழமை தவணைக்காரர் வாசலில் நின்ற கதைகள் இந்தப் பக்கத்துக்கு நிறைய வந்திருக்கின்றன. ஒரு கிலோ மாவோடும் வீட்டிலுள்ள பாத்திரத்தோடும் தொடங்குங்கள். இலாபம் வந்தால் அதிலிருந்து அடுத்ததை வாங்கலாம்.

விற்பதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் போடுவதாயின் கொதித்தாறிய நீரில் செய்த ஐஸாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய் 2023 ஒக்டோபர் முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது. ரம்ளரில் ஊற்றி, முத்தை எடுக்க ஒரு கரண்டி கொடுத்தால் போதும். கழுவித் திரும்பப் பாவிக்கலாம், செலவும் குறைவு.

செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். பனங்கட்டிப் பாகின் பதம், ஒரு கிலோ கிழங்கில் எடுத்த மாவின் அளவு, உங்கள் ஊரில் கேட்ட விலை ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் அது உதவும். அடுத்த மாதம் ஒடியல் மாவில் செய்யும் சிற்றுண்டிகளோடு சந்திப்போம்.