அரசாங்க வேலைக்கு இன்னொரு மொழி எதுக்கு?

2001 செப்டம்பர் 10. "நாளைதான் அந்த நேரம்" என்ற பொருளில் ஓர் அரபுத் தகவல் அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பிடம் சிக்கியது. மொழிபெயர்த்தது செப்டம்பர் 12. இடையில் நடந்தது உங்களுக்கே தெரியும். எங்கே, எப்படி என்ற விவரம் அதில் இல்லை. அன்றே படித்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் படிக்கவே 2 நாள்!

உடனே ஆள் எடுக்கலாமே?
அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்க அரசதந்திரிகளுக்கான பயிற்சிக் கழகத்தில் ஸ்பானிய மொழிக்குச் சுமார் 30 வாரம். அரபு, சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகளுக்கு 88 வாரம். நெருக்கடி வந்தபிறகு ஆரம்பித்தால் லேட்தான்.

அதான் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கே?
சொல்லை மாற்றித் தரும். மிரட்டலா, வெறும் பேச்சா என்று எடைபோட மனிதர் வேண்டும். அம்மா "பார்க்கலாம்" என்றால் சரியா, முடியாதா? உங்களுக்குப் புரியும். செயலிக்கு?