பந்தைப் பறித்தால் புத்தகம் கைக்கு வந்துவிடுமா?



அன்பின் பெற்றோர்களே, பழைய மாணவர்களே, கழகங்களை நடத்தும் தம்பிமாரே,

கொஞ்சம் நீளமான பதிவுதான். ஏசுவதென்றாலும் முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள்.

பிள்ளை தரம் 10க்கு வந்ததும் நம் ஊர்களில் ஒரு சடங்கு நடக்கிறது. பூட்ஸ் அலுமாரிக்கு மேலே ஏறுகிறது. "ஓ.எல் வருது, இனி விளையாட்டு போதும்" என்று வாப்பா சொல்லிவிடுவார். உம்மா அதை ஆமோதிப்பார். மாமா, சாச்சா, பக்கத்து வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஒரு பிள்ளையின் மாலை நேரத்துக்கு ஜனாஸா தொழுது முடித்துவிடுவார்கள்.

சரி, மைதானத்தில் இருந்து மிச்சம் பிடித்த அந்த ஒன்றரை மணித்தியாலம் எங்கே போகிறது? புத்தகத்துக்கா? வகுப்பில் அந்தப் பிள்ளைகளைக் காலையில் பார்ப்பவர்கள் நாங்கள். முதல் பாடத்திலேயே கண் சொருகுகிறது. கேட்டால், "இரவு ரெண்டு மணி வரைக்கும் போன் பார்த்தேன் சேர்" என்று உண்மையையே சொல்லிவிடுகிறார்கள். பந்தைப் பறித்த கையால்தான் போனையும் கொடுத்திருக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலம் தூங்கினால் 56. பாடசாலை காலை 7.30 முதல் 1.30 வரை, ஐந்து நாளைக்கு 30. தொழுகை, ஓதல், சாப்பாடு, குளிப்பு என்று நாளுக்கு 4 வைத்தாலும் 28. வீட்டிலோ வகுப்பிலோ நாளுக்கு 3 மணித்தியாலம் படித்தால் 21. மொத்தம் 135. மிச்சம் 33. இதில் நான்கு நாள், ஒன்றரை மணித்தியாலப் பயிற்சிக்கு 6 போதும். அப்படியும் 27 மணித்தியாலம் மிஞ்சுகிறது. நேரம் இல்லை என்று யார் சொன்னது? நேரம் இருக்கிறது. அதற்கு ஒழுங்குதான் இல்லை.

ஒழுங்கைக் கெடுப்பது யார்? 2.30க்குக் கணித கிளாஸ், 4.30க்கு விஞ்ஞான கிளாஸ், மஃரிபுக்குப் பிறகு ஆங்கில கிளாஸ். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் காசு கட்டும் வீடுகளும் உண்டு. படித்ததைத் தனியாக இருந்து ஒருமுறை செய்து பார்க்க அந்தப் பிள்ளைக்கு நேரமே விடுவதில்லை. கிளாஸுக்குப் போவது வேறு, படிப்பது வேறு.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஓ.எல் எழுதுபவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு என்று எங்கேயும் எழுதவில்லை.

இவ்வளவும் பெற்றோருக்கு. இனி மறுபக்கத்துக்கு வருவோம். "பார்த்தீங்களா, சேர் நம்ம பக்கம்" என்று கைதட்டும் கழகத் தம்பிமாரும் கொஞ்சம் கேளுங்கள்.

வேகமாக ஓடும் பிள்ளை என்றால் பாடசாலை நிர்வாகத்துக்கும் ஊருக்கும் கொண்டாட்டம். கோட்டம், வலயம், மாகாணம் என்று மாதக்கணக்கில் அவன் மைதானத்திலேயே கிடக்கிறான். பதக்கம் வந்ததும் சந்தியில் பெனர், மாலை, அரசியல்வாதியோடு படம். அந்த மாதங்களில் அவனுக்குத் தவறிப்போன பாடங்களை யார் கொடுத்தது? கணிதத்தில் சமன்பாடு நடந்த கிழமை அவன் நீளம் பாய்ந்துகொண்டிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தால் கரும்பலகையில் இருப்பது அவனுக்கு அந்நிய பாஷை. ஓ.எல்லில் கணிதம் போனால் அதே ஊர், "விளையாடித் திரிஞ்சவன்தானே" என்று சொல்லும். பதக்கம் ஊருக்கு, பழி பிள்ளைக்கு. இது என்ன நியாயம்?

இரவு மின்னொளிச் சுற்றுப்போட்டிகளையும் சொல்லத்தான் வேண்டும். நள்ளிரவு தாண்டி இறுதிப் போட்டி. களத்தில் இருப்பவர்களில் சிலருக்கு அடுத்த நாள் தவணைப் பரீட்சை. பாடசாலைப் பிள்ளையை அந்த நேரம் இறக்கி வெல்லும் கிண்ணம் எந்தக் கழகத்துக்கும் பெருமை இல்லை.

"விளையாடி வயிறு நிறையுமா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட வழியும் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போகவும் ஏ.எல் பரீட்சையில் குறைந்தபட்சத் தகைமை வேண்டும். அதாவது, விளையாட்டின் கதவைத் திறக்கும் சாவியும் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. இதைப் பெற்றோரும் கேட்கட்டும், பயிற்றுநரும் கேட்கட்டும்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளி வென்ற டங்கன் வைட், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். அதே கல்லூரியில் படித்த குமார் சங்கக்கார கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்துக்கும் தெரிவானவர். அவர்களுக்கு ஒரு நாளைக்கு 26 மணித்தியாலம் இருக்கவில்லை. பெரிய பாடசாலைகளில் பயிற்சிக்கும் படிப்புக்கும் நேரம் குறித்து வைத்து, இரண்டையும் ஒரே பிள்ளையிடம் எதிர்பார்க்கிறார்கள். நம் ஊர்களில் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்கிறோம்.

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். அவர்களுக்குத் தரம் 10 வரையும் காத்திருப்பதில்லை. தரம் 7, 8லேயே மைதானம் முடிந்துவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததை ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். வீட்டுக்கு வந்து மகளை நாற்காலியில் கட்டிப்போடுகிறோம். பெண் ஆசிரியை, மறைவான மைதானம், ஒழுக்கமான உடை, இதற்கெல்லாம் வழி செய்ய முடியாத அளவுக்கு நாம் ஒன்றும் ஏழைச் சமூகம் இல்லை. கல்யாண மண்டபங்களைப் பார்த்தால் தெரியும்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கேட்பது இவ்வளவுதான்:

1. பயிற்சி கிழமைக்கு நான்கு நாள், மஃரிப் அதானுக்கு முன்பே முடியட்டும்.

2. டியூசன் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு மாலைகளையாவது பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கட்டும்.

3. போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு விடுபட்ட பாடங்களைக் கொடுக்கும் பொறுப்பை, போகும் முன்பே பாடசாலை எழுத்தில் ஒருவரிடம் ஒப்படைக்கட்டும். குறிப்புக் கொப்பி கொடுக்க ஒரு வகுப்புத் தோழனும் இருக்கட்டும்.

4. பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமை போட்டிகள் வேண்டாம். அரை மணித்தியாலம் ஓடிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

5. இரவு 9 மணிக்குப் பிறகு பாடசாலைப் பிள்ளைகளைக் களமிறக்குவதில்லை என்று எல்லாக் கழகமும் கையொப்பமிடட்டும். பள்ளிவாசல் நிர்வாகம் சாட்சியாக நிற்கட்டும்.

6. படிக்காதவனுக்கு அணியில் இடமில்லை என்று பயிற்றுநர் சொல்லட்டும். வாப்பா சொல்லிக் கேட்காதவன், கோச் சொன்னால் கேட்பான். அந்த அதிகாரத்தைப் பந்துக்கு மட்டும் பாவிக்காதீர்கள்.

இந்த ஆறில் ஒன்றுக்காவது பெரிய செலவு இருக்கிறதா? கட்டடம் கேட்கவில்லை, அமைச்சரைக் கேட்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் போதும்.

ஓ.எல் முடிந்ததும் பூட்ஸைத் திருப்பிக் கொடுப்போம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 15 வயதில் நிறுத்திய கால் 17 வயதில் பழையபடி ஓடாது. அலுமாரிக்கு மேலே வைத்த பூட்ஸும் அப்போது அளவு காணாது.

உடன்பாடில்லாதவர்கள் கீழே காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறோம். உடன்பாடுள்ளவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல் கூட்டத்துக்கு வாருங்கள்.

வஸ்ஸலாம்.