பரீராவின் மறுமொழி

இல்லறத்தின் மாண்பினைப் போற்றாத தமிழ்நூல் அரிது. மணவிழா மேடைகளில் அம்மாண்பினை எடுத்துரைக்கும் பேறு எமக்கும் பன்முறை வாய்த்ததுண்டு. ஆயினும், ஒரு பெண்ணுக்கு இல்லம் சிறையாகிவிட்டால் அவள் எவ்வாறு வெளியேறுவது என்பதைப் பற்றி நாம் எந்த மேடையிலும் பேசியதில்லை. துறை மலரில் இப்பொருள் வேண்டுமா என்று அன்பர் சிலர் வினவினர். வேண்டும் என்பதே எம் விடை. காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறோம்.

காணைப் பகுதியின் சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி இருந்தாள். மணமாகி ஓராண்டு சென்றபின் சான்றிதழ் ஒன்றன் பொருட்டுத் துறைக்கு வந்தாள். எம் எதிரில் அவள் அமர்ந்திருந்தது கால் மணி நேரம். அதற்குள் அவள் கணவன் மும்முறை தொலைபேசியில் அழைத்தான். மூன்றாம் முறை அவள் தொலைபேசியை எம்மிடம் நீட்டி, ‘ஆசிரியரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா’ என்றாள். முதுகலையில் சேரவில்லையா என்று கேட்டோம். அவருக்கு விருப்பமில்லை என்றாள். தாய்வீட்டுக்குப் பெருநாளன்று மட்டும் போய்வர இசைவு உண்டு என்றாள். அதுகேட்டு யாம் சொன்னது இதுதான்: ‘அன்பு மிகுதியால் அப்படி இருக்கிறார் அம்மா. பொறுத்துக்கொள். ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்.’ அவள் தலையசைத்து எழுந்து போனாள்.

பிள்ளை பிறந்தது, ஒன்றும் சரியாகவில்லை. இரண்டாண்டு கழித்து, ஒருநாள் விடியற்காலை முதற்பேருந்தில், இடுப்பில் குழந்தையோடு அவள் தாய்வீடு வந்து சேர்ந்தாள் எனக் கேள்வியுற்றோம். அவள் தாய் எழுத்தறியாதவர். அவர் எக்கேள்வியும் கேளாமல் கதவைத் திறந்தார். பட்டங்கள் பெற்ற யாமோ, அவள் எம்மிடம் வந்த நாளில் கதவைச் சாத்தியிருந்தோம். அன்று யாம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலாவதாக, சந்தேகமும் அன்பும் ஒன்றன்று. யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய், பத்து நிமிடம் ஏன் தாமதம், தொலைபேசியின் கடவுச்சொல்லைக் கொடு என்று தொடங்குவது, சம்பளப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வது, தோழியரை விலக்குவது, தாய்வீட்டைத் தடுப்பது எனப் படிப்படியாக வளர்கிறது. அடி விழுவது பெரும்பாலும் பின்னரே. சில வீடுகளில் அது விழுவதே இல்லை. விழாமலேயே ஒருத்தி ஒடுங்கிப் போகிறாள். பெண்ணுக்கு வெளியிலிருந்து இடும் காவலால் பயனொன்றும் இல்லையென்று வள்ளுவர் வாழ்க்கைத் துணைநலத்திலேயே உணர்த்திவிட்டார்.

சமயத்தின் பெயரால் இதற்கு நியாயம் கற்பிப்போரும் உளர். ஆண்மகனுக்கு ரோஷம் வேண்டாமா என்பர். ரோஷத்தில் இறைவன் விரும்புவதும் உண்டு, வெறுப்பதும் உண்டு என்றும், சந்தேகத்திற்கு இடமில்லாதபோது கொள்ளும் ரோஷமே அவன் வெறுப்பது என்றும் அபூதாவூத் தொகுப்பில் நபிமொழி பதிவாகியுள்ளது. வீண் ஐயத்தையும் துருவி ஆராய்தலையும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் விலக்குகிறது. அவ்விலக்கிலிருந்து கணவன்மார்க்குத் தனிச் சலுகை எதுவும் வழங்கப்படவில்லை.

இனி, பரீராவின் வரலாற்றுக்கு வருவோம். பரீரா (ரலி) அடிமையாயிருந்து அன்னை ஆயிஷா (ரலி) அவர்களால் விடுதலை பெற்றவர். அவருடைய கணவர் முகீஸ், அடிமை. விடுதலை பெற்ற பெண்ணுக்கு அம்மண உறவில் தொடரவும் விலகவும் உரிமை உண்டு. பரீரா விலகினார். முகீஸ் தாடி நனையக் கண்ணீர் வடித்து, மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே சென்றார். இதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்க, புகாரி தொகுப்பு பதிவு செய்துள்ளது. முகீஸின் அன்பையும் பரீராவின் வெறுப்பையும் கண்டு வியந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நீ அவரிடம் திரும்பக் கூடாதா என்று பரீராவைக் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். இல்லை, பரிந்துரையே என்று நாயகம் கூறினார்கள். அங்ஙனமாயின் அவர் எனக்குத் தேவையில்லை என்பதே பரீராவின் மறுமொழி. அதற்குமேல் அவரை எவரும் வற்புறுத்தவில்லை.

முகீஸ் கொடியவர் என்று இவ்வரலாறு கூறவில்லை. அவர் அன்புடையவர், அழுதவர். ஆயினும் அவர் அழுகை பரீராவைக் கட்டுப்படுத்தும் கயிறாகவில்லை. இன்று நம் பெண்களை மீண்டும் மீண்டும் அதே வாசலுக்கு இழுத்துச் செல்வது பல நேரங்களில் அடியன்று, அடிக்குப் பின் வரும் அழுகையே. ‘நீ போனால் செத்துப்போவேன்’ என்ற சொல்லுக்கு அஞ்சித் தங்கிவிட்டவர் எத்தனை பேர்! மேலும், இறைத்தூதரின் பரிந்துரையையே ஏற்கவும் மறுக்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தது. அங்ஙனமிருக்க, ஊர்ப் பெரியவரின் பரிந்துரையும் விரிவுரையாளரின் அறிவுரையும் எப்படிக் கட்டளையாகும்?

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் வழக்கும் நாம் அறிந்ததே. கணவரின் ஒழுக்கத்திலோ மார்க்கப் பற்றிலோ குறை சொல்லாமலே, அவரோடு வாழ இயலாதென்று நாயகத்திடம் முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தர இசைந்தார், மணம் முறிந்தது. குலா என்னும் உரிமைக்கு இதுவே மூலம். குறையொன்றும் சொல்லாதவருக்கே வழி திறந்திருந்ததென்றால், நாள்தோறும் நைந்து வாழ்பவளுக்கு அது எப்படி அடைபடும்?

தமிழ் மரபிலும் ஓர் எதிரொலி உண்டு. குண்டலகேசி முழுமையாகக் கிடைத்திலது. கதையை நீலகேசியின் உரைவழி அறிகிறோம். கொலைக்களத்திலிருந்து மீட்டு மணந்துகொண்ட காளனை, ஊடலில் ஒருநாள், கள்வனென்று பத்திரை குறிப்பிட்டுவிட்டாள். அவ்வொரு சொல்லை மனத்திற் கொண்டு அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். அங்கு அவள் செய்ததை யாம் வழிகாட்டியாகக் கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் மலையுச்சிவரை சென்றபின்னரே அவன் உள்ளம் அவளுக்குப் புலப்பட்டது என்பதை நம் மாணவியர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலையடிவாரத்திலேயே அறிந்து திரும்புதல் அறிவுடைமை.

‘ஸப்ரு’ எனும் பொறுமையைப் பெரியோர் எடுத்துக்காட்டுவர். பொறுமை பெருங்குணமே. நோயையும் வறுமையையும் பொறுக்கலாம். மற்றொருவன் திட்டமிட்டுச் செய்யும் தீங்கைப் பொறுப்பது அவனையும் பாவத்தில் நிலைநிறுத்துவதாகும். மனைவியரை நல்ல முறையில் வைத்துக்கொள்க, அன்றேல் நல்ல முறையில் விடுவிக்க என்றும், துன்புறுத்தும் நோக்குடன் தடுத்து வைக்கலாகாது என்றும் 2:231 பணிக்கிறது. இருவரும் பிரிந்தாலும் இறைவன் இருவருக்கும் போதியது அருள்வான் என்ற ஆறுதல் 4:130இல் உள்ளது. மணவிலக்கை எளிதாக்கினால் குடும்பங்கள் சிதையாவா என்னும் அச்சம் நேர்மையானது. அதற்காகவே இருதரப்பிலிருந்தும் நடுவரை வைத்து இணக்கம் காண 4:35 வழி சொல்கிறது. ஆனால் கணவனை அருகில் இருத்திக்கொண்டு, உனக்கு என்னம்மா குறை என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஒன்றுமில்லை என்பாள். அதையே நாம் சமரசம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம். அஞ்சி வாழ்பவளைத் தனியே, பெண்கள் முன்னிலையில் கேட்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் இவ்வழியில் வந்ததே. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், கொடுமைக்குள்ளான முஸ்லிம் பெண்கள் சிலர் மணத்திலிருந்து விடுபட வேறு வழியின்றி மதம் மாறவும் துணிந்தனர். அதுகண்டு வருந்திய மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, மாலிக்கீ மத்ஹபின் தீர்ப்புகளைக் கைக்கொள்ள இடமளித்து 1930களின் தொடக்கத்தில் நூலொன்று வெளியிட்டார். அம்முயற்சி முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், 1939 உருவாகத் துணை நின்றது. உடலில் கை வைக்காவிடினும், நடத்தையின் கொடுமையால் மனைவியின் வாழ்வைத் துயரமாக்குவது மணமுறிவுக்குக் காரணமாகும் என்று அச்சட்டம் அன்றே கூறிவிட்டது. அவள் சொத்தை விற்பதும், சொத்துரிமையைத் தடுப்பதும், சமயக் கடமைகளுக்கு இடையூறு செய்வதும் அப்பட்டியலில் உள்ளன.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் இழைக்கும் துன்பத்தையும் வன்முறை என்றே கொள்கிறது. பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே முறையிடலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞர் உண்டு. குலாவைப் பொறுத்தவரை, தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் கூறியது. குலாவுக்குக் கணவனின் இசைவு கட்டாயமன்று என்று தெலங்கானா உயர்நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின்கீழ் வாழ்க்கைப் பொருளுதவி கோரலாம் என்று உச்சநீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்தது.

சட்டம் இருந்தும் தயக்கம் ஏன்? புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் இதற்கு விடை கண்டார். பெண்களைப் பற்றிய வழக்குகளை ஆண்கள் மட்டுமே கூடி முடிவு செய்யும் ஜமாஅத்துகளில், வழக்குக்குரியவளின் குரல் கேட்பதில்லை என்பதே அவர் கண்டது. தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் அவ்வாறு பிறந்தது. தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ஆவணப்படம் ஒன்று அதன் பணியைக் காட்டுகிறது. அவருடைய கருத்துகள் யாவற்றையும் ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆனால், கேட்பதற்கு ஓரிடம் கிடைத்தபோது பெண்கள் பேசினர் என்ற உண்மையை மறுப்பதற்கில்லை.

எனவே மஹல்லாப் பெரியோர் முன் யாம் பணிவுடன் வைப்பன மூன்று. ஜமாஅத்தின் குடும்ப வழக்குகளில் கற்றறிந்த பெண்கள் இருவரேனும் அமர்தல் வேண்டும். நிக்காஹ் பதிவின்போதே, மணமகளின் படிப்பு, பணி, தாய்வீட்டுப் போக்குவரத்து ஆகியன குறித்த நிபந்தனைகளை எழுதிக் கையொப்பம் பெறலாம். மணமுறிவு உரிமையை மனைவிக்கு ஒப்படைக்கும் தஃப்வீழ் முறையும் நம் ஃபிக்ஹில் உள்ளதே. மூன்றாவதாக, திரும்பி வந்த பெண்ணை வாழாவெட்டி என்றழைக்கும் வழக்கை நம் நாவிலிருந்து அகற்ற வேண்டும். அவள் வாழ விரும்பியே வந்தாள்.

மாணவியரே, வெளியேறும் வலிமை என்பது ஒரே நாளில் நெஞ்சில் எழும் வீரமன்று; சிறுகச் சிறுகச் சேர்ப்பது. நடப்பதையெல்லாம் மறைக்காமற் சொல்ல ஒருவர் போதும். தாயோ, தமக்கையோ, தோழியோ, அவரைத் தேர்ந்து வையுங்கள். பட்டச் சான்றிதழ், ஆதார் அட்டை, நிக்காஹ் பதிவின் படி, நகைப் பட்டியல் ஆகியவை உங்கள் கைக்கெட்டும் இடத்திலோ தாய்வீட்டிலோ இருக்கட்டும். சிறு தொகையாயினும் உங்கள் பெயரில் இருக்கட்டும். பிரிந்து செல்லும் நேரமே ஆபத்து மிகும் நேரம்; ஆதலின் போகப்போவதாக அறிவித்துத் தனியே எதிர்நிற்க வேண்டா. துணையோடு, பாதுகாப்பான இடத்தை உறுதி செய்துகொண்டு செல்லுங்கள். மகளிர் உதவி எண் 181, அவசர எண் 112. தொலைபேசி கண்காணிக்கப்பட்டால் வேறொருவர் தொலைபேசியிலிருந்து அழையுங்கள். ஒருமுறை திரும்பிப் போக நேர்ந்தாலும் அது தோல்வியன்று. மறுமுறைக்கு வழி தெரிந்தது என்று கொள்ளுங்கள்.

மாணவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே. நாளை உங்கள் துணைவி தாமதமாக வந்தால், எங்கே போனாய் என்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

அம்மாணவி இப்போது ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். விட்டுப்போன முதுகலையை அஞ்சல்வழியில் தொடர விரும்பி, விண்ணப்பத்துடன் துறைக்கு வந்தாள். அரைமணி நேரம் அமர்ந்திருந்தாள். தொலைபேசி ஒருமுறை ஒலித்தது. எடுத்துப் பார்த்து, ‘அம்மாதான் ஐயா; பிள்ளை தூங்கிவிட்டானாம்’ என்றாள். அன்று சொன்னதற்காக யாம் வருந்துகிறோம் என்றோம். அவள் அதற்கு மறுமொழி ஏதும் கூறவில்லை. விண்ணப்பத்தில் எங்கே கையொப்பமிட வேண்டும் என்று கேட்டாள். காட்டினோம்.